சிவப்பு நூல் ஏணி

மழைக்காலம் வந்துவிட்டால் அந்தச் சலவைக்கடையில் மனிதர் நடமாட இடம் இருக்காது. மாடியில் காய வேண்டிய துணியெல்லாம் கீழே இறங்கிவிடும். முன்னறை முழுக்க விடுதியின் படுக்கை விரிப்புகள், நடுவறையில் சட்டைகள், சமையலறை வாசலில் யாரோ ஒரு வக்கீலின் கறுப்பு அங்கி. தேநீர் போடப் போகிறவர் நாலு பேருடைய கால்சட்டைகளை விலக்கிக்கொண்டுதான் அடுப்பை எட்ட முடியும்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேர் காலையும் தாண்டித்தான் எனக்கு ஒரு வாய் டீ" என்பார் அப்பா.

முன்பெல்லாம் இதற்கு இஸ்திரி மேசையிலிருந்து பதில் வரும். "அப்படியே தொட்டுக் கும்பிட்டுட்டுப் போங்கப்பா, நல்லது நடக்கும்" என்பான் பெரியவன். இப்போது பதில் சொல்ல ஆள் இல்லை. இருந்தாலும் அப்பா அதைச் சொல்லிவிட்டு, கால்சட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார். அவர் நிற்பதைப் பார்க்காதது போல் சின்னவள் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்ப்பாள்.

பெரியவன் வீட்டைவிட்டுப் போய் இது இரண்டாவது மழைக்காலம்.

கடைக்குத் துணி போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சட்டையென்றால் காலருக்குள், கால்சட்டையென்றால் இடுப்புப் பட்டியில், நூலால் இரண்டு மூன்று தையல். டாக்டர் வீட்டுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. மூலைக்கடைக்காரர் வீட்டுக்குப் பச்சையில் இரட்டைக் கோடு. இது இன்னார் குறி என்று எங்கும் எழுதி வைத்தது கிடையாது. எல்லாம் அம்மாவின் தலைக்குள் இருந்தது. மலைபோல் குவிந்த துணிக்குள் கையை விட்டு, கட்டைவிரலால் காலரைத் தடவியே, "டீச்சரம்மா வீட்டுது", "பேங்க்காரர்து" என்று பிரித்துப் போடுவாள். அவள் கையிலிருந்து ஒரு கைக்குட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை. வீட்டார் துணிக்கு மட்டும் குறி கிடையாது. குறி இல்லாதது எதுவோ அது நம்முடையது, அவ்வளவுதான்.

அதைக் கலைத்தவன் பெரியவன். இஸ்திரிக்குச் சம்பளம் என்று ஒன்று கொடுங்கள் என அவன் ஒருநாள் கேட்டதும், "உன் கடையில வேலை பார்க்க உனக்கே கூலியாடா?" என்று அப்பா வாடிக்கையாளர் முன்னால் சிரித்துவிட்டார். அன்று மத்தியானம் பெரியவன் ஊசியை எடுத்து, தன் சட்டைக் காலர் ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் ஒரு சின்ன ஏணி போட்டான். மூன்று படி. தைத்துப் பழகாத கை, நடுப்படி எல்லாச் சட்டையிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"இனிமே நானும் ஒரு கஸ்டமர். என் துணியைத் தனியா வைங்க."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் வெட்டு குத்துதான். ஒருநாள் காலையில் பார்த்தால் ஏணி போட்ட சட்டைகளும் இல்லை, அவனும் இல்லை.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். காணாமல் போனவர்களுக்கென்று இணையத்தில் இருந்த பக்கத்தில் சின்னவள் ஓர் அறிவிப்புப் போட்டாள். உயரம், நிறம், புருவத்தில் தழும்பு, காலருக்குள் சிவப்பு நூலில் ஒரு குறி. கீழே கடையின் போன் நம்பரும் மின்னஞ்சல் முகவரியும்.

"குறி என்னன்னு சொல்லாதே" என்றார் அப்பா. "கண்டவன் வந்து நான் பார்த்தேன்னு சொல்லுவான். குறி என்னன்னு நாம கேக்கணும். அவன் சொல்லணும்."

அவர் சொன்னது போலவே கண்டவர்கள் எல்லாம் வந்தார்கள். மீட்பு இயக்ககம், குடிமக்கள் பாதுகாப்புப் பிரிவு, அயலூர்த் தொழிலாளர் வாரியம். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் பளபளவென்று ஓர் அரசு முத்திரை. உங்கள் மகன் எங்கள் பாதுகாப்பில் இருக்கிறார், கட்டணம் அனுப்புங்கள், அடையாள அட்டையின் நகல் அனுப்புங்கள். சின்னவள் எல்லோருக்கும் ஒரே பதில் எழுதினாள். குறியின் வடிவம் என்ன? ஒருவன் நட்சத்திரம் என்றான். ஒருவன் பூ என்றான்.

"பூவாம்! என் பிள்ளை பூப்போடுற ஆளு பாரு" என்று அப்பா அன்று சிரிக்கக்கூடச் செய்தார்.

ஆனால் ஒருவன் வடிவம் சொல்லவில்லை. நேரில் வாருங்கள், நீங்களே பாருங்கள் என்று ஓர் அலுவலக முகவரி கொடுத்தான். 'வெளியில் சொன்னால் விடுதலை தாமதமாகும்' என்றும் எழுதியிருந்தான். அம்மா அதற்குமேல் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. கேட்ட நகல்களையும் கட்டணத்தையும் அனுப்பிவிட்டு, பகல் முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து, அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்த முகவரியில் பூட்டிக்கிடந்த ஒரு டயர்க்கடை இருந்தது. பையில் அவித்த முட்டையும் ரொட்டியும், மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட ஒரு புதுச்சட்டையும் வைத்திருந்தாள் அம்மா. இருட்டும்வரை அந்தக் கதவின் முன் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

போன பணத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அந்தச் சட்டையைப் பற்றித்தான் யாராலும் பேச முடியவில்லை.

அதற்குப் பிறகு போன் நம்பரை மாற்றினார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மாலையில் நடந்த கணினி வகுப்பில் சின்னவள் சேர்ந்தாள். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கிற பெண் அவள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பாள். வகுப்பில் சின்னப் பிள்ளைகள் உட்கார்கிற பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, டீச்சர் சொன்ன ஒவ்வொன்றையும் விரலில் ஏற்றிக்கொண்டாள். பெருவிரல், அவசரப்படுத்துகிறானா. ஆள்காட்டி, அனுப்பினவன் முகவரி அலுவலக முகவரிதானா. நடுவிரல், எழுத்துப் பிழை. மோதிர விரல், உங்களைப் பற்றிய விவரம் கேட்கிறானா. சுண்டுவிரல், திறந்து பார் என்று ஏதாவது இணைத்திருக்கிறானா. அஞ்சும் சேர்ந்தால் அது அரசாங்கம் இல்லை, பதில்கூடப் போடாதீர்கள், பதில் போட்டால் இங்கே ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்றார் டீச்சர். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். அதற்குள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அம்மா சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னவளின் விரல்களைத் தன் விரல்களால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அவசரப்படுத்துறான்னா பொய்."

"ம்."

"அட்ரஸ் ஆபீஸ் அட்ரஸ் இல்லைன்னா பொய். தப்புத் தப்பா எழுதியிருந்தா பொய். நம்மளைப் பத்தி நோண்டி நோண்டிக் கேட்டா பொய்."

"சுண்டுவிரல்?"

"திறந்து பாருன்னான்னா பொய்." அம்மா கையை மூடிக்கொண்டாள். "அப்போ உண்மைன்னு எதுலதாண்டி கண்டுபிடிக்கிறது?"

"உண்மை வந்தா தெரியும்மா."

அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். "இனிமே வர்றது எதையும் அவகிட்ட படிச்சுக் காட்டாதே" என்று அப்புறம் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "குறியும் கேக்க வேண்டாம், ஒண்ணும் கேக்க வேண்டாம். பார்த்தியா, அழிச்சியா, முடிஞ்சுது. இன்னொரு டயர்க்கடையை அவ தாங்கமாட்டா."

அவள் அப்படியே செய்தாள். தினமும் சாயங்காலம் அம்மா துவைக்கிற கல்லில் இருந்தபடியே, "ஏதாவது வந்துச்சாடி?" என்பாள். "விடுதிக்காரர் விரிப்பு அனுப்புறாராம்" என்பாள் சின்னவள். பொய்களைக் களைந்து களைந்து அவள் கை தேர்ந்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் அந்தக் கடிதம் வந்தது. விரிப்புகள் காயவேயில்லை. ஈரத்தோடு இஸ்திரி போட்டுப் போட்டு அறை முழுக்க ஆவி. சின்னவள் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியோடு மறு கையில் போனைத் திறந்தாள்.

'அரசு மருத்துவமனை உரவினர் தேடல் பிரிவு. அவசரம். ஒரு நோயாளி பேச இயலாத நிலை. உங்கள் நபரா என சந்தேகம். உடனே வரவும். அவர் விவரம் தெரிவிக்கவும். படம் இணைத்துள்ளேன் திறந்து பார்க்கவும்.'

அனுப்பியவரின் முகவரி யாரோ ஒரு தனி ஆளுடையது. 'உறவினர்' என்பதைக்கூடச் சரியாக எழுதவில்லை. பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை மடங்கிவிட்டது.

"என்னது?" என்றார் அப்பா.

"அதேதாம்ப்பா. இப்ப ஆஸ்பத்திரியாம்."

"நாசமாப் போறவனுங்க. அழி."

அழித்தாள். அந்த நேரம் ஒரு தலையணை உறையின் ஓரம் லேசாகக் கருகிவிட்டது. அதற்குத்தான் அன்று முழுக்க வருத்தப்பட்டாள். சில நாள் கழித்து அதே முகவரியிலிருந்து இன்னொன்று வந்தது. அதைத் திறக்கவேயில்லை.

மாதக் கடைசி வகுப்புக்கு டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். உங்களுக்கு வந்த மோசடி மின்னஞ்சல் ஒன்றைக் கொண்டுவாருங்கள், எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம். சின்னவள் அழித்தவை கிடக்கும் குப்பைப் பகுதிக்குள் போய்த் தேடினாள். இருந்ததிலேயே அஞ்சு விரலும் சரியாகப் பொருந்தியது அந்த ஆஸ்பத்திரிக் கடிதம்தான்.

அன்று வகுப்பு கலகலப்பாக இருந்தது. பேக்கரிக்காரர் சட்டைக் கையில் மாவோடு வந்திருந்தார். அவருக்கு வரித்துறையிலிருந்து கைது உத்தரவு வந்திருந்தது. "ரொட்டியில உப்புக் கம்மியாப் போட்டதுக்குக் கைதுன்னாகூட ஒத்துக்குவேன்" என்றார். ஓய்வு பெற்ற தபால்காரருக்கு, அவர் இறந்துவிட்டதாகவும் இல்லையென்றால் உடனே தெரிவிக்கும்படியும் ஓய்வூதிய அலுவலகம் எழுதியிருந்தது. "என் சம்சாரத்துக்கிட்ட காட்டினேன். பதில் போடாதீங்க, யோசிக்கலாம்னுட்டா" என்றார். பெஞ்சுகள் குலுங்கின.

சின்னவளின் கடிதத்தை டீச்சர் சுவரில் பெரிதாக விழும்படி போட்டார். எல்லோரும் ஒரே குரலில் விரல் மடக்கினார்கள். அவசரம். முகவரி. பிழை. விவரம். இணைப்பு.

"நூத்துக்கு நூறு" என்றார் டீச்சர். சின்னவளுக்குக் காது சூடாகியது.

"உள்ள என்னதான் வச்சிருக்கான், திறந்து காட்டுங்களேன் டீச்சர்" என்றார் தபால்காரர்.

"வீட்டில யாரும் இதைச் செய்யாதீங்க. இந்த மெஷின்ல ஒண்ணும் இல்லை, எப்படியும் நாளைக்கு எல்லாத்தையும் துடைச்சிடப் போறேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் திறந்தார்.

படம் மேலேயிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. முதலில் வெறும் துணி. பிறகு ஒரு மடிப்பு.

"என்னங்க இது, சட்டை விக்கிறானா?" என்றார் பேக்கரிக்காரர். மறுபடியும் சிரிப்பு.

காலர் முழுதாக இறங்கியது. அழுக்கேறிய வெள்ளைத் துணியில் சிவப்பு நூல். மூன்று படி. நடுப்படி சாய்ந்திருந்தது.

சின்னவள் எழுந்து சுவர் வரைக்கும் போனாள். எதற்குப் போகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. கையை நீட்டித் தொட்டாள். சுவர் சில்லென்று இருந்தது. ஏணி அவளுடைய புறங்கையின்மேல் விழுந்தது.

"எங்கண்ணன் போட்டது" என்றாள்.

சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் அந்தக் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். அதே வார்த்தைகள்தான். இப்போது அதில் ஓர் ஆள் பேசுவது கேட்டது. அலுவலக வேலை அதிகம், தட்டச்சு சரியாக வராது, சீக்கிரம் யாராவது வாருங்கள் என்று.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"மழை ஆரம்பிச்சப்ப."

டீச்சர் அவளைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப்போனார். கடிதத்தில் இருந்த எதையும் தொடாமல், ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு, அந்த மருத்துவமனையின் நம்பரை வேறு வழியாகத் தேடி எடுத்தார்.

"அன்னைக்குக் கடைசியா இதைத்தானேம்மா சொன்னேன்" என்றார், குற்றம் சொல்லாத குரலில். "சந்தேகம்னா நாமளே அந்த ஆபீஸ் நம்பரைத் தேடிக் கூப்பிட்டுக் கேக்கணும்னு. ஆறாவதா."

சின்னவள் தன் கையைப் பார்த்தாள். ஆறாவதுக்கு அதில் விரல் இருக்கவில்லை.

போனை எடுத்தவர் கடிதம் எழுதியவரையே கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் பேசப் பேச டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சலோடு பேருந்து நிலையத்தில் கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கையில் ஒரு காகிதம்கூட இல்லை. முதல் கடிதம் எழுதியபோது உயிர் இருந்திருக்கிறது. இரண்டாவது எழுதியபோது இல்லை. போன வாரம்தான் அடக்கம் செய்தார்களாம்.

வீட்டில் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். டீச்சரும் கூட வந்திருந்ததால் பதறி எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளை ஒதுக்கி, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொன்னது டீச்சர்தான். அப்பா கையில் இருந்த விரிப்பின் ஓரத்தை விடாமல் நின்றுகொண்டே கேட்டார். பிறகு அதை மடிக்கத் தொடங்கினார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கே, அதைப் படி" என்றாள்.

சின்னவள் படித்தாள்.

"அவசரம்னு போட்டிருக்கான்" என்றாள் அம்மா.

"அம்மா..."

"ஆபீஸ் அட்ரஸா அது?"

"இல்லைம்மா. அவரோட சொந்த அட்ரஸ்லேர்ந்து..."

"தப்புத் தப்பா எழுதியிருக்கான். விவரம் கேக்கிறான். திறந்து பாருங்கிறான்." அம்மா மூடிய கையை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "நீதானேடி சொல்லிக்கொடுத்தே?"

"அம்மா, ஏணிம்மா. நடுப்படி சாய்ஞ்சிருக்கு. நான் பார்த்தேன்."

"நட்சத்திரம்னான், பூன்னான். இவன் ஏணின்னிருக்கான். ஆயிரம் பேர் சொன்னா ஒருத்தனுக்குப் பொருந்தத்தான் செய்யும்." அம்மா மறுபடி உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். "நான் எங்கேயும் வரமாட்டேன். ஒரு தடவை நின்னது போதும். டீச்சர், டீ சாப்பிடுறீங்களா?"

மறுநாள் அப்பாவும் சின்னவளும் மட்டும் போனார்கள். பேருந்தின் ஜன்னல் மூடாமல் மழைத்தண்ணீர் மடியில் வடிந்துகொண்டே இருந்தது. வெகுதூரம் போனபிறகு அப்பா வாயைத் திறந்தார்.

"கடுதாசி வந்த அன்னைக்கே அழிச்சுட்டோம், அப்பப் போயிருந்தா உயிரோட பார்த்திருக்கலாம்கிறதை அம்மாகிட்ட சொல்லாதே."

"டீச்சர் அதைச் சொல்லலை. நான் எப்படிப்பா சொல்லாம இருக்கிறது?"

"அழின்னு சொன்னது நான். அது என்கிட்டயே இருக்கட்டும்."

"கை என்னோடதுதானேப்பா."

அப்பா ஜன்னலை இழுத்து மூடப் பார்த்தார். அது வரவில்லை. தன் துண்டை எடுத்து அவள் மடிமேல் போட்டார்.

கடிதம் எழுதியவர் வயதான, கண்ணாடி போட்ட எழுத்தர். மேசை முழுக்கக் கோப்புகள். "ஆபீஸ் மெயில் வேலை செய்யலைம்மா. மேல சொல்லியாச்சு, யாரும் சரி பண்ணலை. அதான் என்னோடதுலேர்ந்து அனுப்பினேன்" என்றார். "நீங்க போட்டிருந்த நம்பருக்கும் கூப்பிட்டேன். போகலை. பத்துப் பேருக்கு எழுதினா ஒருத்தர் வர்றதே பெரிசு. யாரும் நம்புறதில்லை. நம்பாததும் தப்புன்னு சொல்ல முடியலை."

"ஏதாவது சொன்னானா?" என்று அப்பா கேட்டார்.

"பேச்சு இல்லைங்க. துணி மாத்தும்போது மட்டும் சட்டையை விடமாட்டேன்னு பிடிச்சுக்கிட்டாராம். நர்ஸ் சொன்னாங்க. அதனாலதான் காலரைப் பார்த்தோம்."

இடுகாட்டில் ஒரு மேட்டைக் காட்டினார்கள். மழையில் மண் இறங்கியிருந்தது. அப்பா குனிந்து, வழிந்த மண்ணைக் கையால் அள்ளி மேலே போட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். இஸ்திரிக்கு முன்னால் துணியை நீவுவாரே, அதே போல. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப அவள் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

காகித உறையில் வைத்துக் கொடுத்த சட்டையோடு அவர்கள் வீடு திரும்பியபோது மழை விட்டிருந்தது. மாடிக் கொடிகளில் விரிப்புகள் ஏறியிருந்தன. அம்மா நடுவறையில் துணிக்குவியலுக்கு முன் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா உறையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

அம்மா சட்டையை வெளியே எடுத்தாள். முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவில்லை. எல்லாத் துணிக்கும் செய்வது போலக் காலருக்குள் கட்டைவிரலை விட்டுத் தடவினாள். ஒருமுறை. மறுபடி, மெதுவாக, படி படியாக. நடுப்படியில் விரல் நின்றது. சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குவியலில் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சொல்கிற வாய் திறக்கும் என்று காத்திருந்தாள்.

அம்மா எழுந்துபோய் அந்தச் சட்டையை அலசினாள். பிழிந்து, உதறி, மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டாள். சாயங்காலம் தானே இஸ்திரி போட்டாள். காலரை அழுத்தாமல், நூல்மேல் பெட்டி படாமல், ஓரமாகத் தேய்த்தாள். மடிப்பு மடிப்பாக மடித்து, சின்னவளிடம் நீட்டினாள்.

கடையின் பின்சுவரில் ஒரு தட்டு உண்டு. கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணி அதில் இருக்கும். எத்தனை வருஷமானாலும் அதைத் தூக்கிப் போடுவதில்லை.

"அந்தத் தட்டுல வை" என்றாள் அம்மா. "யாரோட துணியோ. வந்து கேட்டா குடுக்கணும்."

சின்னவள் வாங்கிக்கொண்டாள். துணியில் இன்னும் சூடு இருந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, அம்மா குவியலுக்கு முன் உட்கார்ந்து அடுத்த காலருக்குள் விரலை விட்டிருந்தாள்.

"ஏதாவது வந்துச்சாடி?"

சின்னவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

"இல்லைம்மா" என்றாள். "இன்னைக்கு ஒண்ணும் வரலை."